கர்ப்ப காலத்தில் ஏறும் எடையைக் கவனிப்பது எப்படி

கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு எடையைப் பற்றி அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. “ரெண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடம்மா” என்று மாமியார் இன்னொரு கரண்டி சோறு வைப்பார், “ரொம்பச் சாப்பிட்டா புள்ள பெருசாயிடும், அப்புறம் ஆபரேஷன்தான்” என்று அத்தை தடுப்பார், பரிசோதனைக்குப் போன இடத்தில், “ஒரே மாசத்துல மூணு கிலோவா?” என்று அட்டையைப் பார்த்தபடியே கேட்பார்கள். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இந்த உடலுக்கு, இந்த மாதத்தில், எவ்வளவு ஏறினால் சரி என்ற கணக்கை மூவருமே சொல்வதில்லை. அந்தக் கணக்கை நீங்களே போட்டு, அதை ஒட்டி அன்றாடச் சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் அமைத்துக்கொள்வது எப்படி என்பதே இக்கட்டுரை. ஒற்றைக் கருவைச் சுமக்கும் பெண்ணை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டுள்ளது. இரட்டைக் கருவுக்கும், ஏற்கெனவே இதய நோய், சிறுநீரக நோய், தைராய்டு கோளாறு போன்றவை உள்ளவர்களுக்கும் இலக்குகள் மாறும் என்பதால், அவர்கள் மருத்துவர் வகுத்துத் தரும் அளவையே பின்பற்ற வேண்டும்.

முதலில் உங்கள் எண்ணத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

எடையைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அது நான்கில் ஒன்றாக இருக்கும்: எடையைக் குறைக்க வேண்டும்; இருக்கிற எடை அப்படியே இருக்க வேண்டும்; கொஞ்சமாக மட்டும் ஏற வேண்டும்; பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது கணக்கே வேண்டாம். முதல் இரண்டும் கர்ப்ப காலத்துக்குரிய இலக்குகள் அல்ல. நான்காவது இலக்கே அல்ல. மூன்றாவது மட்டும் பாதி சரி; அதிலும் “கொஞ்சம்” என்பதை ஓர் எண்ணாக மாற்றாத வரை அதனால் பயன் இல்லை. அரை கிலோவைக் கொஞ்சம் என்று நினைத்துப் பட்டினி கிடப்பவரும் உண்டு, இருபது கிலோ ஏறிய பிறகும் கொஞ்சம்தான் என்பவரும் உண்டு.

இருக்கிற எடை அப்படியே நிற்க வேண்டும் என்பது ஏன் தவறு என்பதற்கு, ஏறுகிற எடை எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தாலே போதும். பன்னிரண்டரை கிலோ ஏறிய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். குழந்தை ஏறத்தாழ 3 முதல் 3.4 கிலோ; நஞ்சுக்கொடி 650 கிராம்; பனிக்குட நீர் 800 கிராம்; பெரிதாகிய கருப்பை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு; மார்பகங்கள் அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு; கூடுதலாக ஊறிய ரத்தம் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ; உடல் திசுக்களில் தேங்கும் நீர் ஒன்றரை கிலோவுக்கு மேல். மீதமுள்ள மூன்று கிலோ சொச்சமே கொழுப்பு; அதுவும் பால் கொடுக்கும் மாதங்களுக்காக உடல் எடுத்து வைக்கும் சேமிப்பு. ஆகவே எடை ஏறவே கூடாது என்று நினைப்பவர், தன் கொழுப்பிலிருந்து எடுத்து மேற்சொன்ன எல்லாவற்றையும் கட்டும்படி உடலைக் கேட்கிறார். இலக்கு ஏறும் வேகத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும்: வாரத்துக்கு எத்தனை கிராம் என்பதே கேள்வி.

தொடக்க எடையும் கணக்கும்

கருவுறுவதற்கு முந்தைய எடை தெரிந்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால், பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யும்போது பார்த்த எடை போதும். முதல் மூன்று மாதங்களில் பொதுவாக அரை கிலோ முதல் இரண்டு கிலோ வரைதான் ஏறும். மசக்கை வாட்டியிருந்தால் சற்றுக் குறைந்தும் இருக்கலாம். தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியரிடம் சீக்கிரமே பதிவு செய்துகொள்வதில் உதவித்தொகை தவிர இந்த நன்மையும் இருக்கிறது: நம்பத்தக்க முதல் எடை ஒன்று தாய்-சேய் நல அட்டையில் ஏறிவிடுகிறது. ஐந்தாம் மாதத்தில் பதிவு செய்பவருக்கு அந்த முதல் புள்ளி கிடைப்பதில்லை.

எடையை மீட்டர் கணக்கில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. (உடல் நிறை குறியீட்டெண்) கிடைக்கும். 1.55 மீட்டர் உயரமும் 52 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 21.6. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009இல் வெளியிட்ட வரையறையே இன்று உலகில் பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி, பி.எம்.ஐ. 18.5க்குக் கீழ் உள்ளவர் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ வரை ஏறலாம்; 18.5 முதல் 24.9 வரை உள்ளவர் 11.5 முதல் 16 கிலோ. 25 முதல் 29.9 வரை உள்ளவர் 7 முதல் 11.5 கிலோ, 30க்கு மேல் உள்ளவர் 5 முதல் 9 கிலோ. நான்காம் மாதத்திலிருந்து வாரத்துக்கு இவ்வளவு என்று பிரித்தால், மெலிந்தவருக்கு 510 கிராம், சராசரி எடை உள்ளவருக்கு 420 கிராம், எடை கூடியவருக்கு 280 கிராம், மிகவும் கூடியவருக்கு 220 கிராம் என்று ஏறத்தாழ வரும்.

இங்கே இரண்டு திருத்தங்கள் தேவை. இந்தியர்களின் உடலில் அதே பி.எம்.ஐ.யிலும் கொழுப்பின் பங்கு அதிகம் என்பதால், 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி வகுத்த அளவுகோலில் 23க்கு மேல் போனாலே கூடுதல் எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன். ஆகவே 24 என்ற எண் உள்ள ஒரு தமிழ்ப் பெண், “நான் சராசரிதானே” என்று 16 கிலோவை நோக்கிப் போவது நல்லதல்ல. இரண்டாவது, நம் அரசு சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்பிக்கப்படும் கணக்கு இன்னும் சிக்கனமானது: மொத்தம் 9 முதல் 11 கிலோ, நான்காம் மாதத்திலிருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 2 கிலோ, 2 கிலோவுக்குக் குறைந்தால் சாப்பாடு போதவில்லையா என்று பார்க்க வேண்டும், 3 கிலோவைத் தாண்டினால் ரத்த அழுத்தம், நீரிழிவு, இரட்டைக் கரு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு கணக்கும் முட்டிக்கொள்வது போலத் தோன்றினாலும், நம் ஊர்ச் சராசரி உயரமும் எடையும் உள்ள பெண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ 11, 12 கிலோவில் கைகுலுக்கிக்கொள்கின்றன. அந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து.

மேற்சொன்ன 52 கிலோ பெண்ணுக்கே கோடு போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டாம் வாரத்தில் 53 கிலோ. அதன் பிறகு வாரம் 350 முதல் 420 கிராம் என்று கூட்டினால், இருபதாம் வாரத்தில் 55.8 முதல் 56.4, இருபத்தெட்டாம் வாரத்தில் 58.6 முதல் 59.7, முப்பத்தாறாம் வாரத்தில் 61.4 முதல் 63.1 கிலோ. இதே போல உங்கள் எண்ணை வைத்து நான்கு வாரத்துக்கு ஒரு வரி என்று எழுதி, அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டி, “இந்தக் கோடு எனக்குச் சரியா?” என்று கேளுங்கள். கணக்கை எழுதிக்கொண்டு வந்தவருக்குப் பதில் சொல்வது அவர்களுக்கும் எளிது.

எடை பார்க்கும் முறையில் ஒழுங்கு வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், காலையில் மலசலம் கழித்த பிறகு, சாப்பிடும் முன், மெல்லிய உடையில், அதே கருவியில், கெட்டியான தரையில் வைத்துப் பாருங்கள். வீட்டுக் கருவியும் சுகாதார நிலையத்துக் கருவியும் ஒரு கிலோ வரை வேறுபடலாம். இரண்டின் எண்களையும் ஒரே வரிசையில் எழுதக் கூடாது. ஒரு வாரத்து எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். உப்பு, மலச்சிக்கல், வளைகாப்பன்று இரு கையிலும் அடுக்கிய கண்ணாடி வளையல்கள் என எதுவும் சில நூறு கிராமைக் கூட்டிக் காட்டும். சாப்பாட்டையும் எடையையும் பற்றிய அச்சத்தால் முன்பு பட்டினி கிடந்த, வலிய வாந்தி எடுத்த பழக்கம் உள்ளவர்கள் வீட்டில் எடை பார்க்காமல் இருப்பதே நல்லது. மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கருவியின் எண்ணுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளலாம். எண்ணை அவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

குழந்தை சின்னதாகப் பிறந்தால் நல்லது என்ற நினைப்பு

எடையைக் கட்டுப்படுத்தும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதியதல்ல. உடற்பயிற்சிக் கூடங்களோடும் அழகுக் கவலையோடும் அது வந்து சேரவில்லை. சாப்பாட்டைக் குறைத்தால் குழந்தை சின்னதாக இருக்கும், பிரசவம் சுகமாக முடியும் என்ற நம்பிக்கை தென்னிந்தியக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. கர்நாடகத்தின் தென் கன்னட மாவட்டத்தில் களஆய்வு செய்த மானிடவியலாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சாப்பாட்டைக் குறைக்க இன்னொரு காரணமும் இருந்தது: வயிற்றில் சோறும் குழந்தையும் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, வயிறு முட்டச் சாப்பிட்டால் குழந்தைக்கு இடம் இருக்காது என்று பெண்கள் நினைத்தார்கள். நம் வீடுகளிலும் எட்டாம் மாதத்தில் இதே பேச்சு காதில் விழும். பாட்டி சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதைவிட, அவர் அஞ்சியது எதை என்று கேட்பது பயன்தரும். மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில், தலை சிக்கிக்கொண்ட பிரசவம் என்றால் தாயும் பிள்ளையும் போய்விடும் என்பதை அவர் கண்ணால் பார்த்திருப்பார்.

ஆனால் அந்த அச்சத்துக்குப் பட்டினி மருந்தாகாது. புனேயின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும், புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்திருந்தும், தோலுக்கு அடியிலிருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை; தசையும் வயிற்று உறுப்புகளுமே சிறுத்திருந்தன. சின்னக் குழந்தை என்று நாம் நினைப்பது, தசையை இழந்து கொழுப்பைக் காத்துக்கொண்ட குழந்தை. வளர்ந்த பின் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது அவர்களுடைய விளக்கம். நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்துப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களைப் பின்னாளில் பரிசோதித்தவர்களும், அவர்களுடைய உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குன்றியிருந்ததைக் கண்டார்கள்.

குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாவதற்கு முதன்மையான காரணம் தாயின் ரத்தத்தில் கூடிய சர்க்கரை. அதற்கு அடுத்து, கருவுறும் முன்பே இருந்த பருமனும் அளவு மீறி ஏறிய எடையும். எனவே குழந்தை பெரிதாகிவிடுமோ என்று அஞ்சுபவர் செய்ய வேண்டியது சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமைத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்ப கால நீரிழிவு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷையாவின் பணியிலிருந்து உருவான இந்த முறையில் வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. பேருந்து ஏறி வரும் கர்ப்பிணியைப் பட்டினியாக வரச் சொல்ல முடியாது என்ற நடைமுறை அறிவு அதில் இருக்கிறது. முதல் வருகையில் ஒரு முறையும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறையும் செய்துகொள்ள வேண்டும். முதல் முறை சரியாக இருந்தது என்பதற்காக இரண்டாவதைத் தவிர்த்துவிடாதீர்கள்.

தட்டில் செய்ய வேண்டியது

முதல் மூன்று மாதங்களுக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் எதுவும் தேவையில்லை. அதன் பிறகு நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவு. புரதம் நான்காம் மாதத்திலிருந்து 9.5 கிராமும், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் கூட வேண்டும். 350 கலோரி என்றால் எவ்வளவு என்று கைக்கணக்கில் பார்த்தால், “ரெண்டு உயிருக்கும் சேர்த்து” என்ற பேச்சு தானாகவே அடங்கிவிடும்: ஒரு தம்ளர் பால், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. இவ்வளவுதான். இதிலேயே புரதமும் ஏறத்தாழ 19 கிராம் வந்துவிடுகிறது. முட்டை சாப்பிடாதவர்கள் அதன் இடத்தில் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலையோ பாசிப்பயற்றுச் சுண்டலையோ வைத்துக்கொள்ளலாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை உருண்டையாகவோ கஞ்சியாகவோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது மேற்சொன்னதற்கு மாற்றாகவே இருக்க வேண்டும், பருமனானவர் இரண்டையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

எடை வேகமாக ஏறுபவர்கள் சாப்பாட்டின் அளவைக் குறைக்கும் முன், சாப்பாடு என்று கணக்கில் வராதவற்றைப் பார்க்க வேண்டும். நாளுக்கு நான்கு முறை காபியோ டீயோ குடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டால், சர்க்கரையில் மட்டும் 160 கலோரி. கூடுதலாகத் தேவைப்படும் 350இல் ஏறத்தாழப் பாதி அங்கேயே போய்விடுகிறது. பார்க்க வருகிறவர்கள் வாங்கி வரும் இனிப்பும், “வாய்க்குப் பிடிச்சதைச் சாப்பிடு” என்று கடையிலிருந்து வரும் மிக்சரும், பழத்துக்குப் பதிலாகச் சர்க்கரை போட்ட பழச்சாறும் இதே வகை. சமையலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினால் 120 கலோரிக்கு மேல் கூடுகிறது. இவற்றைச் சரிசெய்தாலே பெரும்பாலோருக்குக் கோடு நேராகிவிடும். சோற்றைப் பாதியாக்கும் நிலை வராது.

அதற்குப் பிறகும் மாற்றம் வேண்டுமானால் தட்டின் அமைப்பை மாற்றுங்கள். சோற்றைச் சுற்றிலும் மற்றவை என்று பரிமாறுவதுதான் நம் வழக்கம். முதலில் பொரியலும் கூட்டும் கீரையும் தட்டில் பாதி, பருப்போ மீனோ முட்டையோ கால் பங்கு, கடைசியாகச் சோறு கால் பங்கு என்று வைத்துப் பாருங்கள். சாம்பாரில் தெளிவாக மேலே நிற்கும் நீரை ஊற்றிக்கொள்ளாமல், அடியில் இருக்கும் பருப்பையும் காயையும் கரண்டியால் அள்ளிக்கொள்ளுங்கள். மீனில் நெத்திலி, மத்தி, சங்கரா போன்றவை நல்லவை. பாதரசம் சேரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் இரண்டு சிறு வேளைகளை வைத்துக்கொண்டால், மாலையில் வரும் பெரும்பசி இராது; அந்தப் பசியில்தான் பஜ்ஜி தட்டு காலியாகிறது.

மெலிந்த பெண்ணுக்கு வழி வேறு. வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்கள் பலருக்கு ஏறும் எடை போதாமல் போவதுதான் சிக்கல். சாப்பாடு குறைவாக இருப்பது ஒரு காரணம். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுவது இன்னொரு காரணம். இதற்கு ஊட்டச்சத்துப் பாடம் எடுப்பதைவிட, கர்ப்பிணிக்கு முதல் தட்டு என்று வீட்டில் ஒரு விதி செய்வது மேல். கணவரும் மாமியாரும் எடுக்க வேண்டிய முடிவு அது. அவள் கேட்டுப் பெறும்படி விடக் கூடாது. அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சத்துமாவையும் வீட்டுப் பிள்ளைகளோடு பங்கு போட்டால் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். தனி டப்பாவில் போட்டு அவள் பெயரை எழுதி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோற்றில் ஒரு கரண்டி நெய், கஞ்சியில் நிலக்கடலைப் பொடி, எள்ளுருண்டை, வாழைப்பழம் ஆகியவை சிறு அளவிலேயே எடையைக் கூட்டும். கடையில் விற்கும் புரதப் பவுடரை நாடத் தேவையில்லை. புரதச் செறிவு மிகுந்த துணையுணவுகளைக் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2016இல் சொல்லியிருக்கிறது.

மசக்கையில் எதுவும் தங்காதவர்கள் எடைக் கோட்டை அந்த வாரங்களுக்கு மறந்துவிடலாம். எழுந்ததும் உலர்ந்த பொரியோ ரொட்டியோ, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறிது கஞ்சியோ மோரோ போதும். தொடக்க எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலோ, சிறுநீர் அடர்ந்து மிகக் குறைவாகப் போனாலோ, அது சாதாரண மசக்கையல்ல; மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடும் டீயோடும் பாலோடும் விழுங்காதீர்கள். கால்சியம் மாத்திரையையும் அதையும் வேறு வேறு வேளையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் மாதத்து வளைகாப்புக்குப் பிறகு தாய்வீடு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: எடைக் கோடு சட்டென்று மேலே தாவுவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். வேலை நின்றுவிடுகிறது, கவனிப்பு கூடுகிறது, வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. போகும்போது அட்டையை மட்டுமல்லாமல் நீங்கள் எழுதிய கோட்டையும் எடுத்துச் சென்று அம்மாவிடம் காட்டுங்கள். “சாப்பிட மாட்டேன்” என்று சொன்னால் அம்மா மனம் நோவார்; “மாசத்துக்கு ரெண்டு கிலோதான்மா, அதுக்குள்ள நீ என்ன செஞ்சு தந்தாலும் சரி” என்று சொன்னால் அவர் அதற்கேற்ற சமையலை யோசிக்கத் தொடங்குவார்.

கைவைக்கக் கூடாத வழிகள்

ஒரு வேளைச் சாப்பாட்டை அடியோடு விடுவது, பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப் போடுவது, சோற்றையும் இட்லியையும் முற்றிலும் நீக்கும் கீட்டோ முறை ஆகியவை கர்ப்பிணிக்கு ஏற்றவை அல்ல. கர்ப்ப காலத்தில் உடல் பட்டினிக்கு வழக்கத்தைவிட வேகமாக எதிர்வினை செய்கிறது. இரவு சாப்பிடாமல் படுத்தாலே காலையில் ரத்தத்தில், கொழுப்பு கரைவதால் உண்டாகும் கீட்டோன்கள் கூடிவிடும். வெள்ளிக்கிழமை, சஷ்டி விரதங்களைப் பிள்ளை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். பேதி மாத்திரை, எடை குறைக்கும் டீ, மூலிகை என்ற பெயரில் வரும் பொடி ஆகியவற்றை வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம். எடை குறைப்புக்காக இப்போது பரவலாகப் போடப்படும் செமாகுளுடைடு ஊசியைக் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். ஊசியில் இருக்கும்போதே கரு தங்கிவிட்டால், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காலில் வீக்கம் என்பதற்காக உப்பை அறவே நிறுத்துவதும், தண்ணீரைக் குறைப்பதும் பயன் தராது. அப்பளத்தையும் ஊறுகாயையும் கருவாட்டையும் குறைத்துக்கொண்டால் போதும்.

நடை

மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொல்லாத கர்ப்பிணி, வாரத்துக்கு 150 நிமிடம் மிதமாக உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. நாளுக்கு அரை மணி என்று வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் அது வந்துவிடும். ஒரேயடியாக முடியாதவர்கள், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் மொட்டைமாடியிலோ கூடத்திலோ நடக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தப் பிரிப்பே மிகவும் நல்லது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுதான் மிதமான வேகம். நாள் முழுதும் கணினிமுன் உட்கார்ந்திருப்பவர் மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். நாள் முழுதும் குனிந்து களை எடுப்பவருக்குத் தனியாக நடை தேவையில்லை, அவருக்கு வேண்டியது மதியத்தில் கால் நீட்டிப் படுக்க ஓர் இடம். நான்காம் மாதத்திலிருந்து மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளை விட்டுவிடுங்கள். ரத்தக் கசிவு, நீர் கசிதல், தலைச்சுற்றல், நெஞ்சுவலி, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்களும், கருப்பை வாயில் தையல் போட்டவர்களும் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

இத்தனையும் செய்தால் எவ்வளவு பயன் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பல நாடுகளில் நடந்த சோதனைகளில் பங்கேற்ற 12,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வில், உணவையும் உடல் அசைவையும் சீராக்கியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சராசரியாக 0.7 கிலோ மட்டுமே குறைவாக ஏறியிருந்தது. சிசேரியனுக்கான வாய்ப்பும் சற்றுக் குறைந்திருந்தது. பத்து கிலோ வித்தியாசத்தை எதிர்பார்ப்பவர் இரண்டாவது மாதமே சலித்துவிடுவார். முக்கால் கிலோவை எதிர்பார்ப்பவர் கடைசி வரை தொடர்வார்.

கோடு விலகினால்

எடை திடீரென்று, ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால், சாப்பாட்டைச் சந்தேகிக்கும் முன் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். அத்தனை வேகமாகக் கொழுப்பு சேராது. பெரும்பாலும் அது நீர். முகமும் கையும் வீங்குதல், விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டாலும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். “இனிப்பைக் குறை” என்ற அறிவுரையோடு வீட்டில் இருந்துவிடக் கூடாத நிலை அது.

எடை மெல்ல மெல்லக் கோட்டுக்கு மேலே போனால், மூன்று நாளைக்கு வாயில் போட்ட எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி, அதை அடுத்த பரிசோதனைக்கு எடுத்துச் செல்லுங்கள். கூடிய எடையை இறக்க முயல வேண்டாம். இதுவரை கூடியது கூடியதாகவே இருக்கட்டும், இனி ஏறும் வேகத்தை மட்டும் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். பலர் தவறும் இடம் இதுதான்: மாதம் நான்கு கிலோ ஏறியதைக் கண்டு அஞ்சி, அடுத்த மாதம் ஒன்றுமே ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள், குழந்தை மிக விரைவாக வளர வேண்டிய வாரங்கள் அவையாக இருந்துவிடுகின்றன. பி.எம்.ஐ. 30ஐத் தாண்டியவருக்கு ஐந்து கிலோவுக்குக் குறைவாக ஏறினாலும் சில வேளைகளில் மருத்துவர் கவலைப்பட மாட்டார். ஆனால் ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சியைப் பார்த்துவிட்டு அவர் எடுக்கும் முடிவு அது.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இரண்டு வாரமாக எடை நகரவே இல்லை என்றால், சாப்பாடு போதவில்லையா, ரத்தசோகையா, வயிற்றில் பூச்சியா, விடாத காய்ச்சலோ இருமலோ இருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். மனம் சோர்ந்து சாப்பிடப் பிடிக்காமல் இருப்பதையும் அங்கே சொல்லத் தயங்காதீர்கள். ஊரார் பார்த்து “வயிறே தெரியலையே” என்பதும், “இப்பவே இவ்வளவு குண்டா?” என்பதும் அளவைகள் அல்ல, வளர்ச்சியைச் சொல்ல அட்டையில் எடையும், செவிலியர் நாடாவால் அளக்கும் வயிற்று உயரமும், ஸ்கேனும் இருக்கின்றன.

பிரசவத்துக்குப் பிறகு

பிரசவத்தின்போதே குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், ரத்தம் என்று ஐந்து கிலோ அளவில் இறங்கிவிடும். தேங்கிய நீர் அடுத்த ஓரிரு வாரங்களில் வெளியேறும். மிஞ்சுவது இறங்க மாதங்கள் ஆகும். வயிற்றைத் துணியால் இறுகக் கட்டுவதால் அது விரைவதில்லை. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் நாளுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவைப்படுகிறது. கர்ப்ப காலத்தைவிட அதிகம். ஆகையால் பத்தியம் என்ற பெயரில் வெறும் ரசச் சோற்றோடு நிறுத்துவதும் தவறு, லேகியமும் நெய்யுமாகத் திணிப்பதும் தவறு. கர்ப்ப கால நீரிழிவு வந்தவர்கள் ஆறாவது வாரத்தில் மீண்டும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அன்றைய எடையையும் அதே அட்டையின் கடைசி வரியில் குறித்து, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு குழந்தைக்குத் திட்டமிடும் நாளில், இப்போதைய எடை அந்தத் தொடக்க எடைக்கு மேலே இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அந்த அட்டைதான் தேவைப்படும்.